கேட்கக் கூடாத கேள்வி

சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் வாயிலில், 2023 மார்ச் மாதம், இருபதுகளில் இருந்த சகோதரிகள் இருவரிடம் காவலாளி ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார்: திருமணம் ஆகிவிட்டதா? ஆகிவிட்டது என்றதும், நேர்காணலுக்கு வந்த இருவரும் வாயிலோடு திருப்பி அனுப்பப்பட்டனர். 2024 ஜூன் 25 அன்று ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வுச் செய்தியில் இது பதிவாகியிருக்கிறது. அதே செய்தியில் இருந்த ஒரு சிறு தகவல்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மணமான பெண்களை அங்கே எடுக்க மாட்டார்கள் என்று, அவர்களை ஏற்றிவந்த ஆட்டோ ஓட்டுநரே வழியில் சொல்லியிருக்கிறார். ஆப்பிள், ஃபாக்ஸ்கான் இரண்டின் நடத்தை விதிகளும் மணநிலையைக் காட்டிப் பாகுபடுத்தக் கூடாது என்கின்றன. ஆனால், நடைமுறை எது என்பது ஆட்டோ ஓட்டுநருக்குத் தெரிந்திருந்தது.

வேலைக்கு ஆள் எடுக்கும் முன் ‘பின்னணிச் சரிபார்ப்பு’ செய்வது என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை காவல் துறைச் சான்று, பழைய நிறுவனத்தின் கடிதம், சிபில் மதிப்பெண் போன்றவை. இந்தத் தொழில் தடத்தில் வேலை தேடும் பெண்ணுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கழுத்தில் தாலி, காலில் மெட்டி. அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாலும், முகவரிச் சான்றாகக் கொடுக்கும் குடும்ப அட்டை அவர் யார் வீட்டு மருமகள் என்பதைச் சொல்லிவிடும். பாதுகாப்புச் சோதனைக்கான கேள்வியும் வாழ்க்கையைத் துருவும் கேள்வியும் ஒரே மேசையில் கேட்கப்படுகின்றன.

காரணமாகச் சொல்லப்பட்டவை பழையவை: குடும்பப் பொறுப்பு, மகப்பேறு, அடிக்கடி விடுப்பு. மணமான இந்துப் பெண்கள் அணியும் நகைகள் உற்பத்திக்கு இடையூறு என்றும் கூறப்பட்டது. ஆனால், உற்பத்தி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் ஆள் தட்டுப்பாடு வந்தால் இந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதாகவும் அதே செய்தி கூறுகிறது. தேவைப்படும்போது மறைந்துவிடும் தகுதிக் குறைவை எப்படித் தகுதிக் குறைவு என்று ஏற்பது?

மகப்பேற்றுச் செலவு என்ற வாதத்தையும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரச் சம்பளத்தை முதலாளி ஏற்க வேண்டியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளர்கள் இஎஸ்ஐ வரம்புக்குள் வருகிறார்கள். அவர்களுக்கான மகப்பேற்றுப் பலனை வழங்குவது இஎஸ்ஐ கழகம், ஆலை நிர்வாகம் அல்ல. உற்பத்தி வரிசையில் நிற்கும் பெண்களில் பெரும்பாலோர் இந்த வரம்புக்குள் இருப்பவர்களே. எஞ்சுவது விடுப்புக் காலத்தில் மாற்று ஆள் தேடும் சிரமம் மட்டுமே.

அந்தச் சிரமத்துக்கும் உச்ச நீதிமன்றம் 1965-லேயே பதில் சொல்லியிருக்கிறது. மருந்துகளைப் பொட்டலமிடும் பிரிவில் பணிபுரியும் பெண், திருமணமானால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று மும்பையில் ஒரு நிறுவனம் விதி வைத்திருந்தது. குழுவாகச் செய்யும் வேலை, மணமானவர்கள் அதிகம் விடுப்பு எடுப்பார்கள் என்பதுதான் அப்போதும் வாதம். பாம்பே லேபர் யூனியன் வழக்கில் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. விடுப்பில் செல்வோருக்காகச் சிலரைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம் என்று கூறி, அந்த விதியை நீக்கியது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, மருந்துக்குப் பதிலாகக் கைபேசி வந்திருக்கிறது, வாதம் மாறவில்லை.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பெண்கள் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள். வாயிலுக்கு வெளியே நிற்பவருக்குச் சட்டம் என்ன தருகிறது? 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் பணியமர்த்தலில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்திருந்தது, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதைத் தடைசெய்கிறது; மணநிலை என்ற சொல் இரண்டிலும் இல்லை. ‘நாங்கள் பெண்களைத்தானே எடுக்கிறோம்’ என்று ஒரு நிறுவனம் சொல்லிவிட முடியும். அரசமைப்பின் சமத்துவக் கூறுகளோ பெரும்பாலும் அரசைத்தான் கட்டுப்படுத்துகின்றன. சரி, அந்தரங்க உரிமை? 2023-ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கணினியில் ஏறும் தகவலை மட்டுமே பார்க்கும். காவலாளி வாய்மொழியாகக் கேட்டு, வாய்மொழியாகவே திருப்பி அனுப்பினால், அங்கே ‘தரவு’ என்று எதுவுமே இல்லை. வேலைவாய்ப்பு நோக்கத்துக்காகத் தரவைக் கையாளச் சில நேர்வுகளில் ஒப்புதலே வேண்டாம் என்ற சலுகையையும் அச்சட்டம் முதலாளிகளுக்கு அளித்திருக்கிறது.

இதை இன்னொரு வழக்கோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகத் தேர்வான ஒருவரின் நியமனம், அவருடைய சிபில் அறிக்கை சரியில்லை என்பதற்காக 2021-ல் ரத்தானது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் முடிவை உறுதிசெய்தது. பொதுப் பணத்தைக் கையாள்பவருக்கு நிதி ஒழுக்கம் வேண்டும் என்பது அதன் தர்க்கம். வேலையில்லாக் காலத்தில் தவணை தவறுவது ஒழுக்கக்கேடா, வறுமையா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால், அங்கே நிபந்தனை விளம்பரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ரத்து உத்தரவும் எழுத்தில் வந்தது. அதனால் அவர் நீதிமன்றம் போக முடிந்தது, வாதாட முடிந்தது, தோற்கவும் முடிந்தது. சுங்குவார்சத்திரத்து வாயிலில் திரும்பிப் போனவர்களிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

விசாரணைகளும் இந்த இடத்தில்தான் தடுமாறின. செய்தி வெளிவந்த மறுநாளே மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது. புதிதாகச் சேர்க்கப்பட்டவர்களில் 25 சதவீதம் பேர் மணமான பெண்கள் என்றது ஃபாக்ஸ்கான். ஆலைக்குச் சென்ற அதிகாரிகளிடம் நிர்வாகம் தந்த கணக்கோ 33,360 பெண்களில் ஏறத்தாழ 2,750 பேர், அதாவது சுமார் 8 சதவீதம் மட்டுமே மணமானவர்கள் என்றது. உள்ளே சிலர் இருக்கிறார்கள் என்பது, வெளியே எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதற்குப் பதிலாகாது. ஆணையமும் இந்த விசாரணையில் நிறைவடையாமல், மீண்டும் விசாரிக்கச் சொன்னது. இதற்கிடையே, ஆட்சேர்ப்பு விளம்பரங்களில் மணநிலை, பாலினம், வயது ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டாம் என்று முகமைகளுக்கு ஃபாக்ஸ்கான் அறிவுறுத்தியதாக 2024 நவம்பரில் செய்தி வந்தது. விளம்பரத்திலிருந்து சொல் நீங்கிவிட்டது. வாயிலில் அந்தக் கேள்வியும் நின்றுவிட்டதா என்பதை விளம்பரத்தைப் பார்த்து அறிய முடியாது.

பாகுபாட்டை நிரூபிக்கச் சொல்வதற்குப் பதிலாக, கேள்வியையே தடைசெய்ய வேண்டும் என்கிறேன். இது புதுமையான யோசனை அல்ல. 1991-ல் நீரா மாத்தூர் வழக்கில், பெண் விண்ணப்பதாரர்களின் மாதவிடாய், கருத்தரிப்பு விவரங்களைக் கேட்ட எல்ஐசியின் உறுதிமொழிப் படிவத்தைக் கண்ட உச்ச நீதிமன்றம், அந்தப் பத்திகளையே நீக்கச் சொன்னது. பதிலை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்ற ஆராய்ச்சியோடு அது நிற்கவில்லை; கேட்டதே தவறு என்றது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், சில விலக்குகள் தவிர, பணி வாய்ப்பை அளிக்கும் முன் உடல்நலம் பற்றிக் கேட்கவே கூடாது என்கிறது. ஃபாக்ஸ்கானின் மிகப் பெரிய ஆலைகள் இருக்கும் சீனாவிலும், ஆட்சேர்ப்பின்போது பெண்களிடம் திருமணம், குழந்தைப்பேறு பற்றிக் கேட்பதை 2019-ல் அரசுத் துறைகள் கூட்டாகத் தடைசெய்தன. 2023 முதல் அது சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. அங்கே அது எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்பது தனிக் கதை. ஆனால், கேட்கப்பட்டாலே புகார் செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் 10 பேரில் ஏறத்தாழ 4 பேர் இங்கேதான் இருக்கிறார்கள். மணமாகாத பெண்களை மட்டும் தேடிப்பிடிக்கும் வழக்கத்துக்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர் சூட்டிய மேற்கு மாவட்ட நூற்பாலைகளையும் நாம் பார்த்திருக்கிறோம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் வகையில், 706.50 கோடி ரூபாயில் பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்ல முயற்சிதான். ஆயினும், விடுதியில் ஒரு படுக்கை என்ற ஏற்பாடு யாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்று யோசித்தால், கைக்குழந்தையுள்ள பெண் அந்தப் படத்தில் இல்லை. குழந்தைக் காப்பகத்தோடு கூடிய குடும்பக் குடியிருப்புகளும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் வேண்டும்.

புதிய சட்டத்துக்குக் காத்திருக்காமல் மாநில அரசு செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நிலம், மின்சாரம், முதலீட்டு மானியம் என்று சலுகைகளை வழங்கும்போது நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடப்படுகிறது. மணநிலை, கருத்தரிப்பு பற்றி நிறுவனமோ, அதன் ஆள்சேர்ப்பு முகமையோ, வாயில் காவலரோ கேட்கக் கூடாது. வேலை மறுக்கப்படும் ஒவ்வொருவருக்கும் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்ற இரண்டு வரிகளை அதில் சேர்க்கலாம். நேர்காணலுக்கு வரும் பெண் அதைத் தமிழில் படித்துக்கொள்ளும்படி, தொழிலாளர் துறையின் புகார் எண்ணோடு வாயிலிலேயே எழுதி வைக்கவும் வேண்டும்.