தறி வாசலில் முடிவாகும் கொள்கை

கரையும் முந்தானையும் அமைத்து, கூடுதல் பாவிலோ ஊடையிலோ வேலைப்பாடு செய்த பட்டுச் சேலையை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்பது சட்டம். 1985-இல் இயற்றப்பட்ட கைத்தறி இரக ஒதுக்கீட்டுச் சட்டம் முதலில் 22 இரகங்களைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. இன்று எஞ்சியவை 11. இச்சட்டம் செல்லும் என 1993-இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. ஆயினும், புவிசார் குறியீடு பெற்ற பட்டுக்குரிய ஆரணியில், விசைத்தறிச் சேலைகளால் பிழைப்புக் கெடுகிறது என்ற கைத்தறி நெசவாளர்களின் முறையீடு ஓயவில்லை.

தில்லியின் சட்டம் ஆரணியை வந்தடைவது ஆய்வுக்கு வரும் அலுவலரின் வழியாகத்தான். தறியில் ஓடும் சேலையைப் புரட்டிப் பார்த்து, அந்த வேலைப்பாடு ஒதுக்கப்பட்ட இரகத்தில் அடங்குமா என்பதை முதலில் அவர் தீர்மானிக்க வேண்டும். அடுத்துவரும் முடிவு அதைவிடக் கடினமானது. வழக்கு என்றால் தறி ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். எதிரே நிற்பவரோ, நேற்றுவரை கைத்தறியில் அமர்ந்திருந்து, கடன் வாங்கி இரண்டு விசைத்தறி போட்டவராக இருக்கலாம். பட்டும் பாவும் கொடுத்து நெய்யச் சொன்ன வணிகர் அங்கே இருப்பதில்லை. சேலை பிடிபடுவது தறி உள்ள இடத்தில்.

எச்சரித்து விட்டுவிடும் அலுவலர், சிறியவர்களுக்கு விலக்கு என்றொரு கொள்கையை வகுக்கிறார். வழக்குப் பதிபவர் வேறொன்றை வகுக்கிறார். இரண்டுக்கும் அரசாணை கிடையாது. கடைநிலை ஊழியர்களின் இத்தகைய அன்றாட முடிவுகளே மக்கள் அனுபவிக்கும் உண்மையான அரசுக் கொள்கை என்று அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி 1980-இல் எழுதினார். ஆசிரியரையும் காவலரையும் நலத்துறை ஊழியரையும் கருதி அவர் சொன்னது ஆரணித் தறிக்கூடத்துக்கும் பொருந்தும்.

அலுவலரின் இரக்கத்துக்கு விலை உண்டு. அதைக் கொடுப்பவர், பல நாள் உழைத்து ஒரு சேலையை நெய்து, அதை விசைத்தறிச் சேலையோடு ஒரே அலமாரியில் போட்டியிட விடும் கைத்தறி நெசவாளர். ஆகவே, அலுவலரின் விருப்புரிமையை அப்படியே விட்டுவிடலாம் என்பதற்கில்லை. அதே சமயம், வழக்குகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்டுப் பெறுவதால், ஏன் விட்டார், யாருக்காக அந்தச் சேலை நெய்யப்பட்டது என்பவை கோப்புக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

எந்த இரகங்களை ஒதுக்கலாம் என அரசுக்குப் பரிந்துரைக்க ஆலோசனைக் குழு ஒன்றை அமைக்க அச்சட்டமே வழிசெய்கிறது. பத்தாண்டுகள் தறிக்கூடங்களில் ஏறி இறங்கிய ஓர் அலுவலருக்கும் அக்குழுவில் இடமளித்தால், பாவு கொடுத்த வணிகரின் பொறுப்பு என்ன என்ற கேள்வி அங்கே எழும்.