பின்கதவால் ஒரு குட்டிக் கடலுக்குள்

கீரிமலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேணிப் பக்கம்தான் போவார்கள். நாங்கள் இன்றைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. நகுலேஸ்வரத்துக் கோபுரத்தைக் கும்பிட்டுக்கொண்டு, தோளில் ஈரத் துவாயோடு வருகிறவர்களுக்கு வழிவிட்டு, ஓர் ஒழுங்கைக்குள் திரும்பி ஒரு வீட்டுக்கு வந்துவிட்டோம். இந்த வீட்டுக்கு முன்விறாந்தையால் வந்தால் அழகான கடல்மீன் தொட்டியைப் பார்க்கலாம், தேத்தண்ணி குடிக்கலாம், வெளிக்கிடலாம். அது ஊரில் பலருக்கும் கிடைத்த காட்சி. எனக்குக் கிடைத்திருப்பது சனிக்கிழமைக் காலை, தண்ணீர் மாற்றுகிற நேரம், பின்கதவு! வாருங்கள், செருப்பைக் கழற்றுங்கள், கிணற்றடியில் கையைக் கழுவுங்கள்.

"சவர்க்காரம் போடாதையுங்கோ! வெறும் தண்ணியிலை தேய்ச்சால் காணும்!"

குரலுக்குரியவர் இந்த வீட்டுக்காரர், எங்கள் மாஸ்ரர். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். இப்போது சாறத்தை மடித்துக் கட்டி, வெறும் மேலோடு, ஒரு கையில் வாளியும் மறு கையில் ரப்பர் குழாயுமாக நிற்கிறார். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு இறங்குகிறது. அது தொட்டிக்குள் சொட்டிவிடக் கூடாதென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே கதைக்கிறார்.

இந்தப் பின்னறையைப் பாருங்கள். ஹோல் சுவரில் யன்னல் அளவுக்கு ஒரு துவாரம் விட்டு, அதில் தொட்டியைப் பொருத்தியிருக்கிறார்கள். தொட்டியின் முகம் ஹோலுக்கு, முதுகு எங்களுக்கு. முகத்தில் நீலமும் செம்மஞ்சளும் மினுங்க, முதுகுப் பக்கம் வயர்கள், குழாய்கள், ஈரச் சாக்கு, பழைய பல்துலக்கிகள், பாசி சுரண்டக் காலாவதியான வங்கி அட்டை, மீன் தீன் போட்டு வைத்த அங்கர் பேணி. எதைத் தொட்டாலும் விரலில் உப்புப் பொருக்கு. கதவுப் பிணைச்சல் துருவேறி, திறக்கும்போது அழுகிறது. சுவரில் மாஸ்ரரின் மகள் சின்னவளின் கையெழுத்தில் ஓர் அறிவித்தல்: "இந்தச் சுவிச்சை நிப்பாட்டினவர் இரவு முழுக்க முழிச்சிருக்க வேணும்." அதன் கீழே நுளம்புத்திரி, நுளம்பு மருந்து இரண்டுக்கும் பெரிய சிவப்புப் புள்ளடி. பூச்சியைக் கொல்கிற மருந்து இறாலையும் கொல்லும். அதனால் இந்த வீட்டில் எல்லாருக்கும் நுளம்பு வலைதான்.

தொட்டி இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 150 லீற்றர். "சின்னத் தொட்டி எண்டால் லேசு எண்டு நினைக்கிறவை. உண்மையிலை சின்னனாக ஆகத்தான் கஷ்டம்" என்கிறார் மாஸ்ரர். வெளியே கிடக்கிற கடலில் ஒரு மீன் செத்தால் ஒன்றும் ஆகாது. இங்கே கல்லுக்குப் பின்னால் ஒரு நத்தை செத்து அழுகினாலே அமோனியா கூடி, இரண்டு நாளில் எல்லா உயிரும் தள்ளாடும். நல்ல பற்றீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறி, அமோனியாவை நைத்திரைற்றாக்கி, அதை நைத்திரேற்றாக்கி, நஞ்சைக் குறைத்துக்கொடுக்கின்றன. அந்தக் குடியேற்றம் சரிவர நடக்க ஒரு மாதத்துக்கு மேல் போகும். அதுவரைக்கும் ஒரு மீன்கூட இல்லாமல் இந்தத் தொட்டி வெறும் தண்ணீரும் கல்லுமாக நின்றிருக்கிறது. அயலவர்கள் வந்து பார்த்து, "மீன் எங்கை மாஸ்ரர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் மாஸ்ரரின் மனைவி, எங்கள் அக்காதான் தேத்தண்ணி போட்டுக் களைத்திருக்கிறார்.

படலையடியில் சைக்கிள் மணி. கடலுக்குப் போகிற அண்ணை இரண்டு கான்களில் தண்ணீர் கொண்டு வந்திருக்கிறார். இதில்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். கூப்பிடு தூரத்தில் கடல் கிடக்கிறது. பிறகேன் வள்ளத்தில் போய்த் தண்ணீர் அள்ள வேண்டும்?

மாஸ்ரர் சிரித்துக்கொண்டே ஒரு சின்னக் குழல் கருவியை எடுத்துத் தந்தார். ஒரு துளி தண்ணீரைக் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் உப்பின் அளவு தெரியும். அண்ணை கொண்டு வந்த தண்ணீரில் கோடு 35இல் நிற்கிறது, அதாவது ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு. நேற்றுக் கரையில் அள்ளி வைத்த போத்தல் தண்ணீரை விட்டுப் பார்த்தேன். கோடு கீழே இறங்கிவிட்டது! கீரிமலைக் கேணியை நிரப்புகிற நன்னீர், சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் ஓடி வந்து கடலோரத்திலும் கசிகிறது. நாங்கள் நீந்திக் குளிர்கிற அந்தக் கொடையே தொட்டிக்காரருக்குத் தலையிடி. அதனால்தான் வள்ளம், அதனால்தான் தூரக் கடல். வந்த தண்ணீரும் உடனே உள்ளே போகாது. துணியால் வடித்து, மூடிய பரலில் இருட்டில் சில நாள் வைத்துத்தான் பாவிப்பார்.

"நான் மீனைக் கொண்டு போய் ஊருக்குக் குடுக்கிறன், தண்ணியைக் கொண்டு வந்து மாஸ்ரருக்குக் குடுக்கிறன்" என்று அண்ணை சொல்ல, வீடே சிரித்தது.

இனி வேலை. ஒதுங்கி நில்லுங்கள். மாஸ்ரர் குழாயின் ஒரு நுனியைத் தொட்டிக்குள் விட்டு, மறு நுனியை வாயில் வைத்து உறிஞ்சுகிறார். ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போகிறது. முகம் கோணுகிறது. இதற்காகவே காத்திருந்த சின்னவள் கைதட்டுகிறாள். மணலுக்குள் புதைந்திருந்த அழுக்கு குழாய்க்குள் ஏறி வாளிக்கு வருகிறது. பத்தில் ஒரு பங்கு, 15 லீற்றர், அதற்கு மேல் இல்லை. புதுத் தண்ணீரின் சூடும் தொட்டியின் சூடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், வெப்பமானியைப் பிடித்துச் சத்தமாக வாசிப்பது சின்னவளின் உத்தியோகம். "இருபத்தாறரை!" என்கிறாள். உடனே சீ.ஆர். கொப்பியில் எழுதுகிறாள். கழித்த உப்புத் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகவே கூடாது. வளவின் கடைசி மூலையில், உப்பைத் தாங்குகிற தென்னையடிக்குப் போகிறது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த அருவருப்பு! தொட்டிக்குக் கீழே ஒரு குழல், காற்றுக் குமிழிகளால் தண்ணீரை நுரைக்க வைக்கிறது. மீனின் கழிவும் மிச்சத் தீனும் அந்த நுரையில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறிக் கிண்ணத்தில் விழும். மூடியைத் திறந்தார்கள். கடும் தேத்தண்ணி நிறத்தில் ஒரு திரவம். மணம் குசினி வரைக்கும் போக, அங்கிருந்து அக்காவின் குரல்: "சோறு வடிக்கிற நேரம் உதைத் திறக்காதையுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது!" கிண்ணம் நாறுவது நல்ல செய்தி. அத்தனை அழுக்கும் தொட்டிக்குள் இல்லை என்று அர்த்தம்.

ஒரு சின்ன மின்விசிறி தண்ணீரின் மேல் காற்றடித்துக்கொண்டிருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் இது இல்லாவிட்டால் தொட்டி கொதித்துவிடும். காற்று பட்டுத் தண்ணீர் ஆவியாகும்போது சூடு இறங்குகிறது. ஆனால் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு போகாது. ஆகவே ஒவ்வொரு நாளும் குறைகிற இரண்டு மூன்று லீற்றரை நன்னீரால் நிரப்ப வேண்டும். முதல் வருடம் அதற்குக் கிணற்றுத் தண்ணீரை விட்டிருக்கிறார்கள். கண்ணாடி, கல், மணல் எல்லாம் பச்சை மயிர்ப் பாசி! குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகளில் உரத்தால் நைத்திரேற்று ஏறியிருப்பது நெடுநாளாகத் தெரிந்த விசயம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிய கிணறுகள் பல. பாசிக்கு அது விருந்து. இப்போது ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறார்கள். அது முடிந்தால் வடிகட்டின குடிதண்ணீர்க் கடை. "மனிசருக்கு ஒரு கான், மீனுக்கு ஒரு கான்" என்று கடைக்காரத் தம்பியே கணக்கு வைத்திருக்கிறாராம்.

இப்போது கல்லுகளுக்கு வருவோம். நான் இங்கே கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன், நீங்களும் நில்லுங்கள். இவை கடலில் எடுத்தவை அல்ல. இந்தப் பகுதி மக்கள் 1990இல் போரால் இடம்பெயர்ந்தவர்கள். காணி திரும்பக் கிடைத்து, இந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியபோது வந்த சுண்ணாம்புக்கற்கள் இவை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மயோசின் காலத்தில் கடலடியில் படிந்தது. கோடிக்கணக்கான வருடங்களுக்குப் பிறகு மாஸ்ரர் அதைப் பரலில் மாதக்கணக்காக ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றித் தோட்டமண்ணின் சத்தைப் போக்கி, மறுபடி உப்புத் தண்ணீருக்குள் இறக்கியிருக்கிறார். இன்றைக்கு அந்தக் கல்லெல்லாம் இளஞ்சிவப்பு! சுண்ணாம்பு கட்டி வளர்கிற ஒருவகைப் பாசி அது. அது படர்ந்தால் தொட்டி நலமாக இருக்கிறது என்று நம்பலாம்.

கல்லை வைத்தே தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கலாம் என்பதை 1961இல் உலகத்துக்கு எழுதிக் காட்டியவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். கடல்நீர், கடலில் எடுத்த உயிருள்ள கல், காற்றுக் குமிழி, இவ்வளவுதான் அவரிடம் இருந்தவை. எங்களைப் போல வெயிலும் கடலும் உள்ள நாட்டு மனிதர் ஒருவர் தொடக்கி வைத்த கலை இது என்பதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் லீ எடுத்ததுபோல இங்கே உயிர்க்கல் எடுக்க மாட்டார்கள். கல் முருகைகள் இலங்கையில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை உடைக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. இங்கே அசைந்தாடுகிறவை மென்மையான பொத்தான் முருகைகள் மட்டும், இன்னொரு தொட்டிக்காரர் வளர்த்து வெட்டிக் கொடுத்த துண்டுகளிலிருந்து பெருகியவை. பக்கத்து வலித்தூண்டல் கடலுக்குள்ளேயே முருகைப் பாறை இருக்கிறது. வலித்தூண்டல், புங்குடுதீவு போன்ற இடங்களின் முருகைகளை டி.என்.ஏ. வரைக்கும் பார்த்து 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இலங்கையில் அதுவரை பதியப்படாத 36 இனங்களைக் காட்டியது. முப்பத்தாறு! எங்கள் வீட்டு வாசல் கடலில்! "அது அங்கையே இருக்கட்டும். நான் தண்ணி மட்டும்தான் எடுக்கிறன்" என்கிறார் மாஸ்ரர். இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

கல்லில் படர்ந்த இளஞ்சிவப்புப் பாசிக்கும் நத்தை ஓட்டுக்கும் கல்சியம் வேண்டும். அதற்கு என்ன செய்கிறார் தெரியுமா? சுண்ணாம்புத் தண்ணீர்! கலப்பில்லாத சுண்ணாம்புத் தூளை நன்னீரில் கரைத்து, தெளிந்த மேல்தண்ணீரை மட்டும் எடுத்து, சேலைன் குழாயால் இரவிரவாகச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். வெளிச்சம் இல்லாத நேரத்தில் தொட்டியில் காபனீரொட்சைட்டு கூடித் தண்ணீர் அமிலப் பக்கம் சரியும். சுண்ணாம்பு அதையும் தூக்கி நிறுத்தும். வாசற்படியில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி தன் தட்டத்தை நீட்டினார்: "மருமோன், இஞ்சை சுண்ணாம்பு நிறையக் கிடக்கு. ஏன் காசு குடுத்து வாங்கிறியள்?"

"உதிலை என்ன கலந்திருக்கோ தெரியாது மாமி. மீன் வெத்திலை போடாது."

ஆச்சி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

2022 மார்ச் கடைசியை இந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை. நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்த நேரம். பம்பி நின்றால் ஒட்சிசன் குறையும், மீனோடு பற்றீரியாவும் சாகும். பழைய மோட்டார்சைக்கிள் பற்றரியில் ஒரு குமிழி இயந்திரத்தைக் கொழுவினார்கள், பற்றரி இறங்கிவிட்டது. பிறகு பிளாஸ்ரிக் கோப்பையால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுவதுதான் வழி. செப்புப் பாத்திரம் கூடாது, செம்பு இறாலுக்கு நஞ்சு. மாஸ்ரர், அக்கா, சின்னவள், ஆச்சி என்று முறை வைத்து ஊற்றினார்கள். "நான் சிவராத்திரிக்குக்கூட இப்பிடி முழிச்சிருக்கேல்லை" என்கிறார் அக்கா. பெருமை அந்தக் குரலில் நன்றாகவே தெரிகிறது.

இனி எனக்குக் கிடைத்த பரிசு. "கையை விடுங்கோ, அசைக்காதையுங்கோ" என்றார் மாஸ்ரர். விட்டேன். கல் இடுக்கிலிருந்து ஒரு சிவப்பு இறால், முதுகில் வெள்ளைக் கோடு, நீண்ட மீசையை ஆட்டிக்கொண்டு வந்தது. என் விரலில் ஏறி நகக்கண்ணைச் சுத்தம் பண்ணத் தொடங்கியது! மீன்களின் உடம்பில் ஒட்டியிருக்கிற ஒட்டுண்ணிகளைப் பொறுக்குவது அதன் தொழில். ஒருநாள் அதன் முழு உருவமும் அசையாமல் அடியில் கிடக்கக் கண்டு சின்னவள் அழுதிருக்கிறாள். அது கழற்றிப்போட்ட தோல். இறால் கல்லுக்குப் பின்னால் புது உடுப்போடு நின்றதாம்.

முழுத் தொட்டிக்கும் ராசாத்தி யாரென்றால், செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டி போட்ட பெரிய கோமாளி மீன். பண்ணையில் பிறந்து, கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் றெஜிபோம் பெட்டிக்குள் வந்த சோடி. இந்த இனத்தில் எல்லாம் ஆணாகத்தான் வளரத் தொடங்கும். சோடியில் பெரியது பெண்ணாக மாறும். கடலில் என்றால் கடல் அனிமனிக்குள் குடியிருக்கும். இந்தச் சின்னத் தொட்டியில் அனிமனி நிலைக்காது, அதனால் உடைந்த மண்சட்டி ஓடு ஒன்றைத் தங்கள் வீடாக்கிக்கொண்டன. குனிந்து பாருங்கள், ஓட்டில் செம்மஞ்சள் முட்டைகள்! ஆண் செட்டையால் விசிறிக்கொண்டே நிற்கிறது. ஒரு கிழமைக்கு மேல் போனால் முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் தெரியும், பிறகு ஓர் இரவில் பொரிக்கும். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் மண்டபத்தில், 1947இல் தொடங்கிய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில், இந்த மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிற முறையை வகுத்து வைத்திருக்கிறார்கள். பண்ணை மீன் கிடைக்கக் கிடைக்கக் கடல் மீனை வலைக்குள் மாட்டுகிற தேவை குறைகிறது.

தீன் நேரம். துளி இறால் இறைச்சி, ஒரு நாளைக்கு ஒரு நுள்ளு. இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டும், மிச்சம் விழுந்தால் அதுவே நஞ்சு. ஆச்சிக்கு இது பொறுக்காது. "வாய் திறந்து கேக்குதுகள், பட்டினி போடுறார்" என்று ஒவ்வொரு நாளும் வழக்கு. அதனால் அங்கர் பேணி இப்போது அலுமாரியின் மேல் தட்டில், ஆச்சிக்கு எட்டாத உயரத்தில்.

சின்னவள் இன்றைக்குத் தன் வழக்கைக் கொண்டு வந்திருக்கிறாள். நீல நிறத்தில் ஒரு மீன் வேண்டும். தொட்டியில் இருப்பது கோமாளிச் சோடியும், மணலில் குழி தோண்டுகிற ஒரு குட்டி மீனும். மூன்றுக்கு மேல் இல்லை என்பது மாஸ்ரரின் சட்டம். சீ.ஆர். கொப்பியைத் திறந்து, ஆறு கிழமை நைத்திரேற்றுக் கணக்கை வரிசையாக வாசிக்கிறாள். எல்லாம் குறைவு. அவள் பக்கம் நியாயம் பலமாகத்தான் இருக்கிறது. மாஸ்ரர் தலையைச் சொறிந்தார். அக்கா குசினியிலிருந்து அகப்பையோடு வந்து தீர்ப்புச் சொன்னார்: "நாலாவது மீன் வந்தால் கிண்ணம் கழுவுறது நீதான். ஒவ்வொரு நாளும். மூக்கைப் பொத்தக் கூடாது."

சின்னவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கொப்பியில் "நீல மீன்" என்று எழுதி, பக்கத்தில் கையொப்பம் வைத்து, அப்பாவிடம் பேனையை நீட்டினாள்.