காய்த்தக்காளியும் மூடியின் சத்தமும்

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் தக்காளி மலிந்துபோனால், கடைசிப் பறிப்புக்குக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது. செடியில் நிற்கிற பச்சைக் காய் அங்கேயே கிடந்து அழுகும். அச்சாறு போடத் தெரிந்த வீட்டில் அந்தக் காய்க்குத்தான் முதல் மரியாதை.

வட்டமாக வெட்டி உப்புப் பிசறி இரவு வைத்தால், விடியும்போது சட்டியில் வெளிறிய பச்சைத் தண்ணீர் நிற்கும். உப்பு இழுத்தெடுத்தது. அதை வடிக்காவிட்டால் பிறகு ஊற்றும் வினாகிரி நீர்த்துப்போகும். பழுத்த தக்காளிக்கு இந்த வேலை சரிவராது. பழுக்கப் பழுக்க நொதியங்கள் பெக்டினைக் கரைத்துச் சதையைக் குழைத்துவிடும். காயில் பெக்டின் கட்டுக்குலையாமல் இருப்பதால்தான் மாதக்கணக்கில் ஊறியும் நறுக்கென்று கடிபடுகிறது.

மூடி இறுகினால் பண்டம் கெடாது என்பது நம் வீடுகளில் பழைய நம்பிக்கை. பெரியவர்களும் அதில் ஏமாந்திருக்கிறார்கள். போத்தலில் உணவடைத்துச் சூடாக்கும் முறைக்காகப் பிரான்சின் நிக்கொலா அப்பேர் 1810இல் 12,000 பிராங்க் பரிசு வாங்கினார். அது ஏன் கெடவில்லை என்று ஆராய்ந்த இரசாயனவியலாளர் கே-லுசாக், உள்ளே ஒட்சிசன் இல்லாததே காரணம் என்றார். கிருமிக் கதையைப் பாஸ்டர் சொல்ல அரை நூற்றாண்டு ஆயிற்று.

உண்மையில், காற்றில்லாத இடம்தான் குளொஸ்திரிடியம் பொட்டுலினம் என்ற நச்சுக் கிருமிக்குப் பிடித்த வீடு. அதன் வித்தி கொதிநீரில் கிடந்தாலும் சாகாது. அதற்கு அழுத்தத்தில் 121 பாகைச் சூடு வேண்டும். ஆனால் பீஎச் பெறுமானம் 4.6க்குக் கீழே இறங்கிய புளிப்பில் அது முளைக்காது. பழுத்த தக்காளி சிலவேளை அந்த எல்லையைத் தாண்டிவிடும். காய் அதைவிடப் புளிப்பு. ஐந்து வீத வினாகிரியும் போதிய அளவு சேர்ந்தால் காவல் உறுதி. மேலே எண்ணெய் ஊற்றுவது பூஞ்சணத்தைத்தான் தடுக்கும். அந்தக் கிருமிக்கு எண்ணெய் இன்னொரு மூடி, அவ்வளவுதான்.

நறுக்குக் கூட வேண்டுமென்று சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பவர்களும் உண்டு. கல்சியம் பெக்டினை இறுக்குவது உண்மை. நீற்றுப்பூசணியில் செய்யும் புகுல்தோசிக்கு அது பொருந்தும், அங்கே காவல் சீனி. அச்சாற்றிலோ ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு புளிப்பை முறித்துவிடும். பல தண்ணீர் மாற்றி அலச வேண்டும். என்னைக் கேட்டால் சுண்ணாம்பே வேண்டாம்.

நிரப்பிய போத்தலைக் கொதிநீரில் வைப்பது பூஞ்சணத்தையும் மதுவத்தையும் கொல்ல. இதில் மாத்தளைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. நகரம் ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 99 பாகையை எட்டுமுன்பே கொதித்துவிடும். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி 305 மீற்றரைத் தாண்டினால் ஐந்து நிமிடம் கூட்ட வேண்டும். றிவஸ்டன் மலைப்பக்கம் கொதிநிலை இன்னும் இறங்கும்.

இறக்கிவைத்த போத்தல் ஆறும்போது உள்ளிருக்கும் நீராவி தண்ணீராக, வெளிக்காற்று மூடியின் நடுவை அமுக்கும். ‘டக்’கென்று ஒரு சத்தம். பழைய ஜாம் போத்தல் மூடியை நம்ப முடியாது, உள்விளிம்புப் பூச்சில் முன்பு அழுந்திய தடம் அப்படியே கிடக்கும். சத்தம் வராத போத்தலை எங்கள் வீட்டில் அலுமாரியில் ஏற்றுவதில்லை. அன்று மத்தியானமே சோற்றுக்குத் திறந்துவிடுவோம்.