12 எக்செல் ஃபைல், ஒரே ஷீட்... காப்பி - பேஸ்ட்டுக்கு குட்பை சொல்லலாமா?

மாசக் கடைசி ஆனா கிளைக்கு ஒண்ணா எக்செல் ஃபைல் வந்து குவியுதா? ஒவ்வொன்றாகத் திறந்து, காப்பி பண்ணி, பேஸ்ட் பண்ணியே பாதி நாள் போகுதா? பைத்தான் மொழியில் பத்துப் பதினைந்து வரி ஸ்கிரிப்ட் போதும், அந்த வேலை சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனா, சேர்ப்பது சுலபம். சேர்ந்தது சரியான்னு பார்ப்பதுதான் முக்கியம்.

ஸ்கிரிப்ட் என்ன செய்யும்?

சேர்க்கவேண்டிய ஃபைல்களை மட்டும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். கம்ப்யூட்டரில் பைத்தானும், அதற்கான பாண்டாஸ், ஓபன்பைஎக்செல் என்ற இரண்டு இலவசத் தொகுப்புகளும் இருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் அந்த ஃபோல்டரில் உள்ள ஃபைல்களைப் பட்டியல் எடுக்கும், ஒவ்வொன்றையும் படிக்கும், ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கும், புது ஃபைலாகச் சேமிக்கும். எந்த வரிசை எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று பின்னால் தேடாமலிருக்க, ஃபைல் பெயரையும் ஒரு காலமாகச் சேர்க்கச் சொல்லிவிடுங்கள்.

எங்கே சறுக்கும்?

* ஒரு ஃபைலில் 'மொபைல்', இன்னொன்றில் 'செல் நம்பர்' என்று தலைப்பு இருந்தால், இரண்டும் தனித்தனி காலமாகி பாதி காலியாக நிற்கும்.

* ஒவ்வொரு ஃபைலின் அடியிலும் 'மொத்தம்' வரிசை இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். கடைசியில் கூட்டிப் பார்த்தால் விற்பனை இரண்டு மடங்காகத் தெரியும்!

* தனியாகச் சொல்லாவிட்டால் பாண்டாஸ் முதல் ஷீட்டை மட்டுமே படிக்கும்.

* பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்களை எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போயே போச்சு.

* சேர்த்த ஃபைலை அதே ஃபோல்டரில் சேமிக்காதீர்கள். அடுத்த முறை அதையும் சேர்த்துப் படித்துவிடும்.

டேலி பண்ணாம அனுப்பாதீங்க

இது சின்ன விஷயம் இல்லை. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, பிரிட்டனின் தினசரி கொரோனா கணக்கில் 15,841 பேர் விடுபட்டுப்போனார்கள். பரிசோதனை முடிவுகளைத் திரட்டிய இடத்தில் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவ ஃபைலைப் பயன்படுத்தியதுதான் காரணம். அதன் ஒரு ஷீட்டில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடம் கிடையாது. விளைவு, அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணி தாமதமானது. இப்போதைய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஷீட்டில் 10,48,576 வரிசைகள் கொள்ளும். ஆனாலும், அளவு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

அதனால், ஒவ்வொரு ஃபைலிலும் எத்தனை வரிசை, சேர்ந்த பிறகு மொத்தம் எத்தனை என்று ஸ்கிரிப்ட்டையே சொல்லவையுங்கள். தொகையையும் கிளைவாரியாகக் கூட்டிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போன பிறகு மேலதிகாரிக்கோ, ஆடிட்டருக்கோ அனுப்புங்கள்.

பைத்தான் பக்கமே போகப் பிடிக்கலையா? எக்செல்லிலேயே 'டேட்டா' மெனுவில் 'கெட் டேட்டா' வழியாக 'ஃப்ரம் ஃபோல்டர்' போனால் ஸ்கிரிப்ட் இல்லாமலே சேர்க்கலாம். டேலி பார்க்கும் வேலை மட்டும் அங்கேயும் உங்களுடையதுதான்!