பொன்னாடை எட்டாத தோள்கள்



நம் ஊர்களில் பாராட்டு விழாக்களுக்குக் குறைவே இல்லை. கோயில் திருவிழாவா, பள்ளி விளையாட்டுப் போட்டியா, சங்கத்தின் ஆண்டுக் கூட்டமா, எதுவானாலும் மேடையில் ஒரு வரிசை நாற்காலி போடுகிறோம். நாற்காலிக்கு ஒரு மாலை, மாலையோடு ஒரு பொன்னாடை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பொதுப் பணிக்கு வந்தவரை நாலு பேர் அறிய வாழ்த்துவது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த நாற்காலி வரிசையில் என்றைக்காவது ஓர் ஆயாம்மாவைப் பார்த்திருக்கிறீர்களா? நினைவுபடுத்திப் பாருங்கள். நான் பார்த்ததில்லை.

நலிந்த குடும்பங்களின் பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்தவர்களைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்தேன். அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை எது என்பதையும் சற்றுச் சேர்ந்து சிந்திப்போம்.

ஆயாக் கொட்டகை

இளைய வாசகர்கள் பலருக்கு ஆயாக் கொட்டகை என்றால் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது விடியற்காலைக் குளிர்ச்சியில்தான். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் நம் தாய்மார்கள் இருட்டோடு எழுந்து, அடுப்பு மூட்டி, சோறு கட்டிக்கொண்டு பெரட்டுக்கு ஓடினார்கள். கணவனும் வெட்டுக்குப் போக வேண்டும், மனைவியும் போக வேண்டும். அப்படியானால் கைக்குழந்தையை யாரிடம் விடுவது?

அதற்காகத் தோட்டத்தில் ஒரு கொட்டகை இருந்தது. உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். ஒவ்வொரு தொட்டிலும் அந்தந்தத் தாயின் பழைய சேலை. எந்தச் சேலை யாருடையது என்று ஆயாவுக்கு மட்டும் தெரியும். அழுகுரலைக் கேட்டே இது பசியா, வயிற்று வலியா, தூக்கமா என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் வெட்டுக்குப் போக உடம்பு இடங்கொடுக்காத வயதான பெண்களையோ, கணவனை இழந்தவர்களையோதான் இந்த வேலைக்கு வைப்பார்கள். ‘சும்மா உட்கார்ந்து பிள்ளை பார்க்கிற வேலை’ என்று அதற்குப் பெயர்! பத்துப் பன்னிரண்டு குழந்தைகளைச் சும்மா உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று, ஒரே குழந்தையை வளர்த்தவர்கள் சொல்லட்டும்.

சட்டமும் இதைக் கவனிக்காமல் இல்லை. மலாய் ஐக்கிய மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. தொழிலாளர் வீடுகளுக்கும் வசதிகளுக்கும் குறைந்தபட்சத் தரம் வகுத்த 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் குழந்தைக் காப்பகத்துக்கும் விதிகள் உண்டு. இந்தச் சட்டங்களினால் கட்டடம் கிடைத்தது. அந்தக் கட்டடத்துக்குள்ளே நடந்ததெல்லாம் ஆயாவின் மனசைப் பொறுத்தது.

என் தாயாரும் பால்மரம் வெட்டியவர். நானும் கொட்டகையில் கிடந்து வளர்ந்தவள்தான். பிறகு ஆசிரியையான பின்னரே எனக்கு ஒன்று நன்றாக விளங்கியது. தோட்டத்தில் ஒரு குடும்பம் தடுமாறினால் அதை முதலில் அறிந்தவர் துரையும் அல்லர், கிராணியும் அல்லர், ஆயாதான். சம்பளம் போட்ட மறுநாள் எந்தப் பிள்ளை பசியோடு வருகிறது, எந்தத் தாயின் கன்னம் வீங்கியிருக்கிறது, எந்தக் குழந்தைக்கு நாலு நாளாக இருமல் நிற்கவில்லை என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. டிரசர் ஐயாவுக்குச் சொல்லி அனுப்புவார். பாட்டியை வரவழைப்பார். சம்சு குடித்துவிட்டு ஆடுகிற வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பாமல், பொழுது சாய்ந்த பிறகும் தம்மிடமே வைத்துக்கொள்வார். இதற்கெல்லாம் எந்தச் செக்ரோலிலும் அவருக்குப் பேர் விழவில்லை.

தன் பிள்ளை தானே வளர்ந்ததா?

‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் அது தானாக நடந்துவிடுவதில்லை. ஊரார் திரும்பிப் பார்த்தால்தான் நடக்கும்.

எங்கள் தோட்டத்து ஆயாம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் எங்களை வளர்த்தார். அவருடைய மூத்த மகள் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திக் கொட்டகையில் தாய்க்குத் துணையாக நின்றாள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. லயத்தைவிட்டு எல்லாரும் கிளம்பியபோது ஆயாம்மா கையில் இருந்தது ஒரு சிறிய தொகையும் ஒரு மூட்டை பழஞ்சேலையும்தான். அவர் வளர்த்த பிள்ளைகளில் வழக்கறிஞர் உண்டு, லாரி ஓட்டுநர் உண்டு, என்னைப் போன்ற ஆசிரியர்களும் உண்டு. நாங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் போனோம். அவர் மகள் வீட்டோடு பட்டணத்தில் மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போனார்.

போன இடத்தில் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்து வீட்டுக் குழந்தைகள் மூன்றை வாங்கி வைத்துப் பார்த்துக்கொண்டார்!

அடுக்குமாடியில் ஒரு தொட்டில்

இதைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். தோட்டம் போயிற்றே தவிர, தாய்மார்களின் தேவை போகவில்லை. முன்பு பெரட்டுக்கு ஓடியவரின் மகள் இன்று தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடுகிறாள். வேலை நேரமோ மாறி மாறி வருகிறது. தோட்டத்திலாவது தாத்தா பாட்டி, மாமன் மச்சான் என்று ஒரே லயத்தில் இருந்தார்கள். மாடி வீட்டில் கதவைச் சாத்தினால் யாருக்கு யார் துணை? அங்கே இரண்டு மூன்று குழந்தைகளை வைத்துப் பார்க்கும் அக்காள்தான் இன்றைய ஆயா.

அவருக்கும் பொறுப்புகள் உண்டு. 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நாலு பேருக்குக் குறையாமல் பல குடும்பங்களிலிருந்து வாங்கிக் கூலிக்குப் பார்ப்பவர் சமூக நல இலாகாவில் பதிந்துகொள்ள வேண்டும். ஒன்பது பிள்ளைகள் வரையில் வீட்டிலேயே வைத்து நடத்தலாம். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கூலி வாங்கிக்கொண்டு ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்பவராக இருந்தாலும், அந்தப் பிள்ளை கொடுமைக்கு ஆளாகிறது என்று நம்பக் காரணம் இருந்தால், சமூக நல அதிகாரிக்குத் தெரிவிப்பது அவருடைய கடமை என்கிறது.

சட்டத்தில் எழுதுவது சுலபம். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீட்டில் இருந்துகொண்டு அதைச் செய்வது எவ்வளவு கடினம்! நான் அறிந்த ஓர் அக்காள், தம்மிடம் வந்த பெண் குழந்தையின் முதுகில் தழும்புகளைக் கண்டார். முதலில் தாயிடம் கேட்டார், பதில் இல்லை. மறுவாரமும் புதுத் தழும்பு. 15999 என்ற ‘தாலியான் காசே’ எண்ணுக்குப் பேசிவிட்டார். அதன் பிறகு மாடியில் நாலு பேர் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். ‘குடும்பத்தைக் கெடுத்தவள்’ என்ற பெயரும் வந்தது. இரண்டு வீட்டார் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனதில் வருமானமும் குறைந்தது. அந்தக் குழந்தை இன்று பாட்டி வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகிறாள், சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்தவர் அந்த அக்காள்.

இவரைப் போல இன்னும் எத்தனை பேர்! தடுப்பூசிக்கு வராத குழந்தையைத் தேடிப் போகும் கிராமத்து கிளினிக் மிஸ்ஸி இருக்கிறார். பள்ளி முடிந்தும் பெற்றோர் வராத பிள்ளையைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல் காத்திருக்கும் வேன் ஓட்டுநர் இருக்கிறார். ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி ஒருவரை எனக்குத் தெரியும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்காகப் பாரம் எழுதிக்கொடுத்து, தாயையும் கூட்டிக்கொண்டு பதிவு இலாகாவுக்கு நடப்பதே அவருக்கு வேலை. குழந்தை பிறந்து 60 நாட்களுக்குள் பதிந்துவிட்டால் காரியம் எளிது. நாள் தவறினால் சாட்சி, விசாரணை என்று நீண்டுகொண்டே போகும். பள்ளிச் சேர்க்கைக்கும் முட்டுக்கட்டையாகும். 2011இல் ‘மைடஃப்தார்’ என்று நம்மவர்களுக்காகவே அரசாங்கம் ஒரு பதிவு இயக்கம் நடத்தியதை நினைத்தால், இந்தத் தொல்லை எவ்வளவு பெரியது என்று புரியும்.

அன்னை மங்களம் காட்டிய வழி

இத்தகைய தொண்டு செய்து நாடறிந்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் அன்னை மங்களம். போர் ஓய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த 1949இல், சுவாமி சத்தியானந்தா கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தைத் தொடங்கினார். ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் பூச்சோங் சாலையில் அது வீடாயிற்று. 1961இல் சுவாமி மறைந்ததும், 1926இல் சிங்கப்பூரில் பிறந்த மங்களம் அந்தப் பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டார். 2023 ஜூன் மாதம் தம் 97ஆம் வயதில் காலமாகும்வரை அந்தப் பணியோடே வாழ்ந்தார். இனம், மதம் பார்க்காமல் பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தார்.

அன்னையைப் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அவருக்குச் சமாஜம் என்ற கூரை இருந்தது. அரிசி கொடுத்தவர்கள், பணம் கொடுத்தவர்கள், வந்து நின்று உதவியவர்கள் இருந்தார்கள். தனி மனிதரின் தியாகம் அறுபது ஆண்டு நிலைப்பதற்குப் பின்னால் இப்படிப் பல கைகள் வேண்டும். நம் மாடி வீட்டு ஆயாவுக்கு அந்தக் கைகள் எங்கே?

எது மரியாதை?

ஒரு பொன்னாடையைப் போர்த்திப் படம் பிடித்துவிட்டு வருவதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன்.

முதலாவது, கூலியை நாள் தவறாமல் கொடுங்கள். பிள்ளையை அழைத்துப் போக வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு வாருங்கள். ‘நம்ம அக்காதானே’ என்று ஒரு மணி நேரம் தாமதித்தால், அது அவருடைய குடும்பத்துக்குச் சேர வேண்டிய ஒரு மணி நேரம்.

இரண்டாவது, அவருடைய முதுமைக்கு ஒரு பிடிமானம் செய்யுங்கள். 2022 டிசம்பரில் சொக்சோ தொடங்கிய இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டத்தில், 55 வயதுக்குட்பட்ட பெண்கள் ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டிச் சேரலாம். வீட்டு வேலையில் விபத்து நேர்ந்தாலோ உடல் முடங்கினாலோ உதவி கிடைக்கும். அவரிடம் பிள்ளையை விடும் நான்கு குடும்பங்கள் ஆளுக்கு 30 வெள்ளி போட்டால் ஓராண்டுக் கட்டணம் முடிந்தது! சுயமாகத் தொழில் செய்பவர்கள் ஊழியர் சேமநிதியிலும் தாமாகவே பணம் சேர்க்கலாம். கணக்குத் திறக்க அவருக்குத் துணையாகப் போய் வாருங்கள்.

மூன்றாவது, அவருக்கு ஓய்வு கொடுங்கள். நம் இளைஞர் மன்றங்களும் மாதர் பகுதிகளும் மாதத்தில் ஒரு நாள் அவருடைய பொறுப்பை ஏற்றுக்கொள்ளலாமே!

நான்காவது, பிள்ளைக்காக அவர் வாய் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கொடுமையை வெளியே சொன்னவரை ஒதுக்கி வைக்கும் ஊரில், அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள். அப்போது அடிபடுவது குழந்தைதான்.

ஐந்தாவது, அவர் பெயரை எழுதி வையுங்கள். மூடப்பட்ட தோட்டங்களின் பழைய மாணவர்கள் இப்போது ஒன்றுகூடல் நடத்துகிறார்கள், மலரும் வெளியிடுகிறார்கள். அந்த மலர்களில் துரைமார் பெயர் இருக்கிறது, தலைமையாசிரியர் பெயர் இருக்கிறது. கொட்டகை ஆயாவின் பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவர் உயிரோடிருந்தால் முதலில் நேரில் போய்ப் பாருங்கள்.

திருக்குறளில் பதினோராம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல். பள்ளியில் அதை நாங்கள் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம், பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள். பெரியவர்களாகிய நாம் அதைச் செய்து காட்டினால்தான் பிள்ளைகளுக்குப் பொருள் விளங்கும்.

எங்கள் ஆயாம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அவரிடம் வளர்ந்தவர்களில் பதினோரு பேரைத் தேடிப் பிடித்து, சென்ற ஆண்டிலிருந்து மாதந்தோறும் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து அவர் மருந்துச் செலவுக்குக் கொடுத்து வருகிறோம். முதல் மாதம் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, “எனக்கு எதுக்கும்மா? கீழ் மாடியில ஒரு பச்சப் புள்ள பால் இல்லாம கிடக்கு, அதுக்கு வாங்கிக் கொடு” என்றார். இரண்டுக்கும் கொடுத்தோம்.

உங்களை வளர்த்த ஆயா எங்கே இருக்கிறார், வாசகர்களே? உங்கள் பிள்ளையை இன்று பார்த்துக்கொள்ளும் அக்காள் மதியம் நேரத்துக்குச் சாப்பிட்டாரா? இந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.