திமிங்கலம் என்ன சாப்பிட்டது? வாய்க்குள்ளேயே இருக்கிறது 20 ஆண்டு டைரி!

அலாஸ்காவின் வடகோடியில் இருக்கும் ஊர் உட்கியாக்விக். பாரோ என்ற பழைய பெயரைச் சொன்னால் சிலருக்குத் தெரிந்திருக்கும். அங்கு வாழும் இனுபியாட் மக்கள் தலைமுறை தலைமுறையாக வில்தலைத் திமிங்கலத்தை உணவுக்காக வேட்டையாடுகிறார்கள். இன்று அது சர்வதேசத் திமிங்கல ஆணையம் தரும் ஒதுக்கீட்டுக்குள் நடக்கும் வேட்டை. பிடிபட்ட திமிங்கலத்தின் இறைச்சியை ஊரே பங்கு போட்டுக்கொள்ளும். அதன் வாயிலிருந்து எடுத்த கரிய, நீண்ட தகடுகளில் சில ஆய்வகத்துக்குப் போகும்.

அந்தத் தகட்டின் பெயர் பலீன். இந்தத் திமிங்கலத்துக்குப் பல் கிடையாது. மேல்தாடையிலிருந்து நூற்றுக்கணக்கான பலீன் தகடுகள் சீப்புபோலத் தொங்கும். கடல்நீரை வாய்க்குள் விட்டு, இந்தச் சீப்பால் வடிகட்டி, அரிசிமணி அளவே உள்ள சிற்றுயிர்களை உண்டு வாழ்கிறது 18 மீட்டர் வரை வளரும் இந்த உயிரினம்.

2000-ஆம் ஆண்டில் இந்தத் தகடுகளை ஆராய்ந்த ஒரு விஞ்ஞானி, 'பெரிங் கடலின் உணவு உற்பத்தியே சுமார் மூன்றில் ஒரு பங்கு சரிந்திருக்கலாம்' என்று அறிவித்தார். பல ஆயிரம் மீனவர்களின் பிழைப்பும், அழிவின் விளிம்பில் இருந்த கடற்சிங்கங்களின் எதிர்காலமும் பேசப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு திமிங்கலத் தகட்டைப் பார்த்து ஒரு கடலின் கதையை எப்படிச் சொல்ல முடியும்? சொன்னதை அப்படியே நம்பலாமா?

நேரில் பார்த்தால் தெரியாதா?

காட்டில் புலி எதைத் தின்கிறது என்று பார்க்க வழி உண்டு. திமிங்கலமோ, சீலோ, கடற்சிங்கமோ இரை பிடிப்பது தண்ணீருக்கு அடியில். பல நேரங்களில் இருட்டில், பனிக்கட்டிக்குக் கீழே.

இறந்த விலங்கின் வயிற்றைத் திறந்து பார்க்கலாம். ஆனால் அதில் தெரிவது கடைசியாகச் சாப்பிட்டது மட்டும்தான். அதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. கணவாயின் கடினமான அலகு நாள்கணக்கில் செரிக்காமல் கிடக்கும். மென்மையான இரை சீக்கிரமே காணாமல் போய்விடும். கரை ஒதுங்கிய விலங்கு என்றால், அது நோயில் கிடந்து பல நாள் சரியாகச் சாப்பிடாததாகவும் இருக்கலாம். 'நேற்று என்ன சாப்பிட்டாய்' என்ற கேள்விக்கே அரைகுறை பதில் என்றால், 'பத்து வருஷமாக என்ன சாப்பிட்டாய்' என்று எப்படிக் கேட்பது?

இந்த இடத்தில்தான் ஐசோடோப் உதவிக்கு வருகிறது.

ஐசோடோப் என்றால் என்ன?

ஒரே தனிமத்தின் அணுக்களில் சில கொஞ்சம் கனமாக இருக்கும். வேதியியலில் குணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எடையில் மட்டும் வித்தியாசம். இவற்றைத்தான் ஐசோடோப் என்கிறோம். கார்பனில் பெரும்பாலான அணுக்கள் கார்பன்-12. ஆயிரத்தில் சுமார் 11 மட்டும் கார்பன்-13. நைட்ரஜனில் ஆயிரத்துக்கு நான்குக்கும் குறைவான அணுக்களே நைட்ரஜன்-15. இவை கதிர்வீச்சை வெளியிட்டுச் சிதைவதில்லை. அதனால்தான் 'நிலைத்த ஐசோடோப்' என்று பெயர்.

உடல் என்பது சாப்பாட்டிலிருந்து கட்டப்படுவது. சாப்பாட்டில் இந்தக் கனமான அணுக்கள் எந்த விகிதத்தில் இருந்தனவோ, அதன் சாயல் உடலிலும் இருக்கும். அரிசியே சாப்பிட்டு வளர்ந்தவரின் முடியையும், கம்பும் சோளமும் கேழ்வரகும் சாப்பிட்டு வளர்ந்தவரின் முடியையும் ஆய்வகத்தில் கொடுத்தால், எது யாருடையது என்று சொல்லிவிட வாய்ப்பு அதிகம். நெல்லும் இந்தச் சிறுதானியங்களும் ஒளிச்சேர்க்கை செய்யும் விதமே வேறு என்பதால், அவற்றில் கார்பன்-13 விகிதமும் வேறு.

அமெரிக்க விஞ்ஞானிகள் மைக்கேல் டிநீரோவும் சாமுவேல் எப்ஸ்டீனும் 1978-இல் கார்பனுக்கும் 1981-இல் நைட்ரஜனுக்கும் இதைச் சோதனைகளில் காட்டினார்கள். கடல் விலங்குகளின் உணவை ஆராயும் துறைக்கு அதுவே அடித்தளம்.

எது எதைச் சொல்லும்?

நைட்ரஜன்-15 சொல்வது, விலங்கு உணவுச் சங்கிலியில் எந்தப் படியில் நிற்கிறது என்பதை. உடல் கழிவை வெளியேற்றும்போது லேசான நைட்ரஜன் கொஞ்சம் கூடுதலாகப் போய்விடும், கனமானது தங்கிவிடும். எனவே ஒவ்வொரு படி ஏறும்போதும் நைட்ரஜன்-15 ஆயிரத்துக்கு மூன்று, நான்கு பங்கு என்ற கணக்கில் கூடுகிறது. கிரில் உண்ணும் நீலத் திமிங்கலத்தில் இது குறைவு. சீலையும் பெரிய மீனையும் வேட்டையாடும் ஓர்க்காவில் அதிகம்.

கார்பன்-13 படிக்குப் படி அவ்வளவாக மாறுவதில்லை. அது பெரும்பாலும் சொல்வது இடத்தை. கரையோரக் கடலா, ஆழ்கடலா, எந்தக் கடல் என்பதைப் பொறுத்து அதன் அளவு மாறும்.

எந்த உறுப்பிலிருந்து மாதிரி எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஒவ்வொன்றின் ஞாபகமும் ஒவ்வொரு நீளம்:

- ரத்தத்தின் பிளாஸ்மா: சில நாள்கள்
- தோல், தசை: சில வாரங்கள் முதல் மாதங்கள் வரை
- எலும்பு: பல ஆண்டுகள்
- பல்லின் அடுக்குகள், பலீன் தகடு: ஆண்டு வாரியாக எழுதிவைத்த பதிவு

உயிரோடு நீந்தும் திமிங்கலத்திடமிருந்துகூட, சிறு ஊசி அம்பை எய்து தோல் துணுக்கை எடுக்க முடியும். ஒரு மில்லிகிராம் அளவு இருந்தாலே போதும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி விகிதத்தைக் கணக்கிட்டுத் தந்துவிடும்.

தகட்டில் எழுதிய டைரி

நம் நகமும் முடியும் எதனால் ஆனவையோ, அதே கெரட்டினால் ஆனது பலீன். ஈறில் முளைத்து வளர்ந்துகொண்டே இருக்கும். வளர்ந்த பகுதி அதன்பின் மாறாது. வில்தலைத் திமிங்கலத்தின் பலீன்தான் திமிங்கலங்களிலேயே நீளமானது. 4 மீட்டர் வரை வரும். ஆண்டுக்குத் தோராயமாக ஒரு சாண் வளர்ச்சி. நுனி தேய்ந்துகொண்டே இருந்தாலும், நீளமான தகடு ஒன்றில் சுமார் 20 ஆண்டுக் கதை மிஞ்சியிருக்கும்.

ஃபேர்பேங்க்ஸில் உள்ள அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஷெல்லும் அவரது குழுவினரும் 1980-களில் இந்தத் தகடுகளைச் சிறு சிறு இடைவெளியில் சுரண்டி ஆராய்ந்தார்கள். கார்பன்-13 அளவு அலைபோல ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் கிடந்தது. காரணம், வலசை. இந்தத் திமிங்கலங்கள் குளிர்காலத்தைப் பெரிங் கடலிலும் கோடையைக் கனடா பக்கத்துப் போஃபர்ட் கடலிலும் கழிப்பவை. பெரிங் கடல் சிற்றுயிர்களில் கார்பன்-13 அதிகம், கிழக்குப் போஃபர்ட்டில் குறைவு. ஆக, ஓர் அலை என்றால் ஓர் ஆண்டு. மர வளையத்தை எண்ணுவதுபோல எண்ணிவிடலாம்.

1989-இல் வெளியான முடிவுகள் பலரை யோசிக்க வைத்தன. இந்தத் திமிங்கலங்கள் மிக மெதுவாக வளர்பவை. இனப்பெருக்க வயதை எட்டவே நீண்ட காலம் எடுப்பவை என்று அந்த அலைகள் காட்டின. வளர்ந்த திமிங்கலங்களுக்குக் கோடைகாலப் போஃபர்ட் கடல்தான் முக்கியமான சாப்பாட்டு இடம் என்ற நினைப்பும் ஆட்டம் கண்டது. அவற்றின் உடலில் இருந்த கார்பனில் பெரும்பகுதி பெரிங், சுக்சி கடல்களின் கையெழுத்தோடு இருந்தது. போஃபர்ட் கடலில் எண்ணெய் எடுப்பதால் திமிங்கலங்களின் உணவுக்குப் பாதிப்பு வருமா என்று விவாதம் நடந்த காலத்தில், இது வெறும் ஆய்வகச் செய்தியாக இருக்கவில்லை.

கடல் மெலிந்துவிட்டதா?

அடுத்து ஷெல் இன்னும் பெரிய கேள்வியைக் கையில் எடுத்தார். பழைய சேமிப்புகளில் இருந்த தகடுகளையும் புதியவற்றையும் வரிசைப்படுத்தினால், 1947 முதல் 1997 வரை ஐம்பது ஆண்டுப் பதிவு கிடைத்தது. அதில் 1960-களின் நடுப்பகுதிக்குப் பிறகு கார்பன்-13 இறங்கிக்கொண்டே வந்தது.

இதற்கு என்ன பொருள்? கடலில் எல்லா உணவுக்கும் தொடக்கம் மிதவைப் பாசிகள். அவற்றுக்கு லேசான கார்பன்-12 மேல்தான் ஆசை. பந்தியில் பதார்த்தம் நிறைய இருக்கும்போது பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்வோம். தீர்ந்துபோகும் என்றால் இருப்பதைச் சாப்பிடுவோம். பாசிகளும் அப்படித்தான். வேகமாகப் பெருகும்போது சுற்றியுள்ள கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். கனமான கார்பன்-13-ஐயும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். மெதுவாக வளரும்போது பொறுக்கி எடுக்கும். எனவே கார்பன்-13 குறைந்தால், பாசிகளின் வளர்ச்சி குறைந்துவிட்டது என்று ஊகிக்கலாம். ஷெல்லின் கணக்குப்படி, உற்பத்தி 30 முதல் 40 சதவீதம் வரை சரிந்திருக்க வேண்டும்.

அதே காலத்தில் ஸ்டெல்லர் கடற்சிங்கங்களின் மேற்குக் கூட்டம் 80 சதவீதத்துக்கு மேல் அழிந்திருந்தது. 1997-இல் அமெரிக்க அரசு அதை அழிவின் விளிம்பில் உள்ள பட்டியலில் சேர்த்தது. அவற்றின் இரையான பொல்லாக் மீனை இழுவலைப் படகுகள் அள்ளுவதுதான் காரணம் என்று ஒரு தரப்பு சொன்னது; மீன்பிடிக்குக் கட்டுப்பாடுகளும் வந்தன. கடலே விளைச்சலைக் குறைத்துக்கொண்டது என்றால், பழியை வலைமேல் மட்டும் போட முடியாது. விளைச்சல் குறையவில்லை என்றால், வலையைக் கேள்வி கேட்டே ஆக வேண்டும். இவ்வளவு பெரிய தீர்ப்பு ஒரு பலீன் தகட்டை நம்பி நின்றது.

எதிர்க்கேள்வி எங்கிருந்து வந்தது?

அடுத்த ஆண்டே, 2001-இல், வேறொரு விஞ்ஞானிகள் குழு மறுப்பு எழுதியது. அவர்கள் கை காட்டியது கடலை அல்ல, புகைபோக்கிகளை.

நிலக்கரியும் பெட்ரோலியமும் பழங்காலத் தாவரங்களிலிருந்தும் பாசிகளிலிருந்தும் வந்தவை. ஆகவே அவற்றில் கார்பன்-13 குறைவு. அவற்றை எரிக்க எரிக்க, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடிலும் கார்பன்-13 விகிதம் குறைகிறது. அந்தக் காற்றைக் கடல் உறிஞ்சும். பாசி அதை எடுக்கும். சிற்றுயிர் பாசியைத் தின்னும். திமிங்கலம் சிற்றுயிரைத் தின்னும். வேதியியலாளர் ஹான்ஸ் சூஸ் பெயரால் 'சூஸ் விளைவு' என்று அழைக்கப்படுவது இதுதான். கூடவே, கடல்நீரில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் பாசிகளுக்குப் பொறுக்கி எடுக்கும் வசதியும் கூடும். இரண்டும் கார்பன்-13-ஐ ஒரே திசையில்தான் இறக்கும். அதாவது பாசியின் விளைச்சல் குறையாமலே தகட்டில் கோடு கீழே போகலாம்.

அந்தக் கணக்கைச் சேர்த்தாலும் இறக்கம் முழுவதற்கும் விளக்கம் கிடைக்காது என்று ஷெல் பதில் எழுதினார். 2007-இல் வேறொரு குழு, 1948 முதல் 2000 வரையிலான வடபசிபிக் மென்மயிர் சீல்களின் பற்களை ஆராய்ந்தது. அங்கும் கார்பன்-13 இறக்கம் தெரிந்தது. உற்பத்திச் சரிவு அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றே அவர்களும் எழுதினார்கள்.

ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள். கடல் மெலிந்ததாகச் சொல்லப்பட்ட அந்த ஆண்டுகளில், டைரியை எழுதிய வில்தலைத் திமிங்கலங்கள் பெருகிக்கொண்டிருந்தன! 19-ஆம் நூற்றாண்டில் பலீனுக்காகவும் எண்ணெய்க்காகவும் வேட்டையாடி அழிக்கப்பட்ட இக்கூட்டம், 1978-க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 சதவீதம் என்ற அளவில் வளர்ந்தது. 2011-இல் எண்ணிக்கை சுமார் 16,900. கடற்சிங்கத்துக்குப் பஞ்சம், திமிங்கலத்துக்கு மட்டும் விருந்தா? வேட்டையிலிருந்து மீண்டு வரும் கூட்டம் என்பதும், கடற்சிங்கத்தின் இரை வேறு என்பதும் உண்மைதான். ஆனாலும் 'கடலே மெலிந்தது' என்ற ஒற்றை விளக்கத்துக்குள் இது எளிதில் அடங்கவில்லை.

இப்போது எப்படிப் படிக்கிறார்கள்?

இந்த விவாதம் துறைக்கு ஒரு பாடம் கொடுத்தது. ஐசோடோப் எண் மாறினால் காரணம் மூன்றில் ஒன்றாகவோ, மூன்றும் கலந்ததாகவோ இருக்கலாம்: விலங்கு உணவை மாற்றியது; இடத்தை மாற்றியது; அல்லது விலங்கு எதையும் மாற்றவில்லை, அடியில் இருந்த கடலே மாறியது.

இன்று பல பத்தாண்டுகளை ஒப்பிடும் ஆய்வுகளில் சூஸ் விளைவைக் கழித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எந்தக் கடலில் என்ன விகிதம் என்று காட்டும் 'ஐசோஸ்கேப்' வரைபடங்களும் வந்துவிட்டன.

இன்னொரு நுட்பம், புரதத்தைப் பிரித்து அமினோ அமிலங்களைத் தனித்தனியாக அளப்பது. ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தில் நைட்ரஜன்-15 படிக்குப் படி அதிகம் மாறாது. பாசியிடம் இருந்த அளவைக் கிட்டத்தட்ட அப்படியே சுமந்து வரும். குளுட்டாமிக் அமிலத்தில் அது ஒவ்வொரு படியிலும் எகிறும். இரண்டையும் ஒரே மாதிரியில் அளந்தால், அடித்தளம் எங்கே, விலங்கு அதற்கு எத்தனை படி மேலே என்று பிரித்துச் சொல்லலாம். மாறியது சாப்பாடா, கடலா என்ற குழப்பம் பாதி தீரும்.

பெரிங் கடலில் அந்த ஐம்பது ஆண்டுகளில் விளைச்சல் உண்மையில் எவ்வளவு குறைந்தது என்பது இன்னும் முழுதாகத் தீர்ந்த வழக்கு இல்லை. ஆனால் ஒன்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது. மனிதர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவாக வாழும் ஆர்க்டிக் ஓரத்தில், அரிசிமணி அளவு சிற்றுயிரைத் தின்னும் ஒரு திமிங்கலத்தின் வாய்க்குள்கூட, தொலைதூர நகரங்கள் எரித்த நிலக்கரியின் கணக்கு பதிவாகியிருக்கிறது. அந்த டைரியில் எது திமிங்கலம் எழுதியது, எது நாம் எழுதியது என்று பிரித்துப் படிக்கத்தான் விஞ்ஞானிகள் இத்தனை பாடுபடுகிறார்கள்.