கையடக்கத் திரவக் குளிர்விப்பான்
கோர்சேர் எச்50, 2009
வடிவமைப்பு: அசெடெக், டென்மார்க்

வட்டமான கறுப்பு மூடிக்குள் பம்ப் இருக்கிறது. அதன் அடியில் உள்ள செம்புத் தகடு கணினியின் பிராசசர் மீது அழுந்தி நின்று சூட்டை உறிஞ்சும். உள்ளே ஓடும் திரவம் அந்தச் சூட்டை அலுமினிய ரேடியேட்டருக்குக் கொண்டுசெல்ல, 120 மி.மீ. மின்விசிறி அதைக் காற்றில் வெளியேற்றும்.

அக்காலத்தில் திரவக் குளிர்விப்பை விரும்பியவர்களில் பெரும்பாலோர் பம்ப், தொட்டி, குழாய் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கித் தாமே இணைத்தனர். இணைப்பில் கசிவு ஏற்பட்டால் மதர்போர்டே பாழாகலாம். அந்த அச்சத்தை இக்கருவி பெருமளவு போக்கியது: திரவம் தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடப்பட்டது, வாங்கியவர் திருகுகளை முடுக்கினால் போதும்.

குழாய்களைக் கவனியுங்கள். திரவம் மெல்ல ஆவியாகிக் குறையாதிருக்கவே இந்த விறைப்பான பிளாஸ்டிக் தேர்ந்தெடுக்கப்பட்டது.